துடைக்காமல் விட்ட மை

ஓவியர் ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு அவருடைய அம்மா படம்தான் நினைவுக்கு வரும். கறுப்பு உடையும் வெள்ளைத் தொப்பியுமாகப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் வயதான பெண்மணி. 1871இல் வரைந்தது, இப்போது பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள், கையில் பிடித்திருக்கும் கைக்குட்டையைப் பார்ப்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். சாம்பல் நிறச் சுவரில் கறுப்புச் சட்டம் போட்டு ஒரு சின்னப் படம் மாட்டியிருப்பதைக் கவனிக்கிறவர்கள் குறைவு.

அது விஸ்லரே 1859இல் செய்த அச்சோவியம். பெயர் ‘பிளாக் லயன் வார்ஃப்’. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சரக்குத் துறையின் காட்சி. அசல் அச்சு ஒரு சாண் அகலம்தான், உயரம் அதைவிடக் குறைவு. அந்த இடத்துக்குள் கிடங்குகளின் மரச்சுவர், கூரை, ஜன்னல் ஜன்னலாகக் கண்ணாடிச் சதுரங்கள், படிக்கட்டு, பாய்மரக் கயிறு எல்லாம் ஊசிமுனை அளவுக் கோடுகளில் வந்திருக்கின்றன. பன்னிரண்டு வருடம் கழித்து அதே படத்தை அம்மாவின் பின்னால் சுவரில் தீட்டும்போது நாலைந்து சாம்பல் தீற்றல்களோடு விட்டுவிட்டார். தூரத்தில் மாட்டிய படம் அப்படித்தான் தெரியும், சரி. ஆனால் விஸ்லரின் அச்சோவியங்களை வருட வரிசையில் எடுத்து வைத்துப் பார்த்தால், அந்தச் சட்டத்துக்குள் நடந்ததுதான் அவருடைய மொத்த வாழ்க்கையிலும் நடந்திருக்கிறது. கோடு குறைந்துகொண்டே போகிறது. அது செய்த வேலையை மெல்ல மெல்ல மை எடுத்துக்கொள்கிறது.

இது புரிய, எச்சிங் என்ற வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். (நம் ஊர் ஓவியர்களும் எச்சிங் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) பாத்திரக் கடையில் எவர்சில்வர் தூக்கில் பெயர் வெட்டித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கருவியே உலோகத்தைக் கொத்துகிறது. எழுத்தில் கொஞ்சம் விறைப்பு இருக்கும், கை நினைத்தபடி வளையாது. செப்புத் தகட்டை உளியால் செதுக்கி அச்சடிக்கும் பழைய முறையும் கிட்டத்தட்ட இந்த வகைதான். எச்சிங்கில் உலோகத்தை அரிப்பது அமிலத்தின் வேலை. தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைப் பூசி, புகை காட்டிக் கறுப்பாக்குவார்கள். அதன்மேல் ஊசியால் வரைந்தால் பூச்சு மட்டும் விலகும், அடியில் செம்பு பளிச்சென்று தெரியும். பென்சில் ஓடுவதுபோலக் கை சுலபமாக ஓடும். பிறகு அமிலம். பூச்சு விலகிய இடத்தில் மட்டும் அது தின்னும். சீக்கிரம் எடுத்தால் கோடு மெலிதாக இருக்கும், விட்டு வைத்தால் ஆழமும் தடிப்பும் கூடும்.

அப்புறம் பூச்சைத் துடைத்தெடுத்து, தகடு முழுக்க மையைத் தேய்த்து, மேற்பரப்பு மையைத் துணியால் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைக்கு நடுவே ஓட்டினால், பள்ளத்தில் தங்கிய மை காகிதத்தில் ஏறிக்கொள்ளும். படம் இடவலம் மாறி வரும். இந்தத் துடைக்கும் கட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விஸ்லர் இதை ஓவியப் பள்ளியில் கற்கவில்லை, அரசாங்க ஆபீசில் கற்றார். 1834இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவலில் பிறந்தவர். அப்பா ரயில்பாதை இன்ஜினியர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே ரயில் போட ரஷ்யா அழைத்ததால் பையனின் சிறுவயதில் சில வருடங்கள் அங்கே கழிந்தன. பிறகு வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார், வேதியியலில் தேறாமல் வெளியே அனுப்பப்பட்டார். சிலிகான் மட்டும் வாயுவாக இருந்திருந்தால் தாம் மேஜர் ஜெனரல் ஆகியிருப்போம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1854 நவம்பரில் வாஷிங்டனில் கடற்கரை அளவைத் துறையில் வேலை கிடைத்தது. கடலோர வரைபடங்களைச் செப்புத் தகட்டில் ஏற்றும் இடம் அது. கப்பல் மாலுமிக்கு வேண்டிய கரைக்கோட்டைப் பிசகாமல் வரைய வேண்டும்.

மூன்று மாதம்தான் தாக்குப்பிடித்தார். அந்த மூன்று மாதத்துக்குச் சாட்சியாக ஒரு பயிற்சித் தகடு மிஞ்சியிருக்கிறது. அதில் கரையோரக் காட்சி ஒழுங்காக இருக்கிறது. மேலே காலியாக விட்ட இடத்தில் சின்னச் சின்னத் தலைகள்: முக்காடு போட்ட பெண், தாடிக்காரர் என்று பரீட்சைத் தாள் ஓரத்தில் கிறுக்குவதுபோல. கலிபோர்னியாவின் அனகாபா தீவைக் காட்டும் இன்னொரு தகட்டில், யாரும் கேட்காமலே பறவைக் கூட்டங்களைப் பறக்கவிட்டார். மாலுமிக்கு அந்தப் பறவைகளால் ஒரு பயனும் இல்லை.

1855இல் பாரிஸ் போனார். மூன்று வருடம் கழித்து நண்பர் ஒருவரோடு ரைன் நதிப் பக்கம் கால்நடையாகச் சுற்றினார். பூச்சுப் போட்ட தகடுகளை முதுகுப் பையில் தூக்கிக்கொண்டு, கண்ட இடத்தில் உட்கார்ந்து நேரே தகட்டில் வரைவது அவர் பழக்கம். கொலோன் நகரில் கையில் இருந்த காசு தீர்ந்துபோய், தகடுகளை விடுதிக்காரரிடம் அடகு வைத்துவிட்டு, வழியில் முகம் வரைந்து சாப்பாட்டுக்குச் சம்பாதித்துக்கொண்டு திரும்பினார் என்று ஒரு கதை உண்டு. அந்தப் பயணத்திலும் பாரிஸிலும் லண்டனிலும் செய்த பன்னிரண்டு படங்கள் 1858இல் ஒரு தொகுப்பாக வந்தன. அச்சடித்தவர் பாரிஸின் ஓகுஸ்த் தெலாத்ர். தகட்டின் மேல் கொஞ்சம் மையை வேண்டுமென்றே விட்டுவைத்து அச்சுக்கு நிழல் ஏற்றுவதில் கைதேர்ந்தவர் அவர். இருபத்து நான்கு வயது விஸ்லர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பாடம் பலித்தது இருபது வருடம் கழித்து.

தொகுப்பைத் தம் அக்காள் கணவர் சீமூர் ஹேடனுக்குச் சமர்ப்பித்திருந்தார். லண்டனில் அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஓய்வு நேரத்தில் எச்சிங் செய்கிறவர், ரெம்பிராண்ட் அச்சுகளைச் சேர்த்து வைத்திருந்தவர். சிறிது காலம் மாமனும் மச்சானும் சேர்ந்தே வேலை செய்தார்கள். 1867இல் பாரிஸில் நடந்த சண்டையில் விஸ்லர் அவரைக் கண்ணாடி ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டார். அதோடு உறவு முடிந்தது.

1859இல் லண்டனின் வாப்பிங் பகுதிக்குப் போய்த் தங்கினார். துறைமுகத் தொழிலாளிகளும் மாலுமிகளும் வாழும் இடம். அதற்கு முந்தைய கோடையில்தான் தேம்ஸில் சாக்கடை நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது. அந்த ஆற்றின் ஓரத்தில், ஓவியம் கற்றவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத படகுத் துறைகளில் உட்கார்ந்து அவர் வரைந்தவை பின்னால் 1871இல் பதினாறு படங்களாக வெளியாயின. ‘பிளாக் லயன் வார்ஃப்’ அதில் ஒன்று.

அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கீழே முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். நமக்கு மிக அருகில் இருக்கிற அவனை ஏனோதானோவென்று நாலு கீறலில் முடித்துவிட்டார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிடங்குகளோ பலகை பலகையாகத் தெளிவாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் முறைக்கு நேர் எதிர்: பக்கத்தில் இருப்பது மங்கல், தூரத்தில் இருப்பது துல்லியம். ஆனால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து எதிர்க்கரையை உற்றுப் பார்க்கிறவனுக்கு அப்படித்தானே தெரியும்? கண் எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் விவரம். நடுவில் தண்ணீர் வெறும் காகிதம். வரைபட ஆபீசின் ஒழுக்கம் அக்கரைக் கட்டடங்களில் தெரிகிறது. தண்ணீரை வெறுமையாக விடும் துணிச்சலும் அப்போதே வந்துவிட்டது. பிறகு அவர் கையில் வளர்ந்தது இந்த வெறுமைதான். 1862இல் இந்தத் தேம்ஸ் படங்கள் பாரிஸில் காட்சிக்கு வந்தபோது கவிஞர் போதலேர் கயிறுகளும் பாய்மரங்களும் புகையும் பின்னிக் கிடக்கும் அந்தச் சிக்கலைப் பாராட்டி எழுதினார்.

அந்தக் காலத்தில் அச்சோவியம் என்றால் பெரும்பாலும் பிரபல ஓவியங்களின் நகல். நகலெடுப்பதற்கென்றே தொழில்முறைச் செதுக்குநர்கள் இருந்தார்கள். புகைப்படம் வந்து அந்தப் பிழைப்பில் கை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், ஓவியரே தம் கையால் தகட்டில் நேரே வரைய வேண்டும், அதுவும் ஓர் அசல் படைப்பே என்ற இயக்கம் பாரிஸிலும் லண்டனிலும் கிளம்பியது. அதன் நடுவில் நின்றவர்களில் விஸ்லரும் ஹேடனும் முக்கியமானவர்கள், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாவிட்டாலும்.

1860களிலும் 70களிலும் ட்ரைபாயிண்ட் என்ற முறையில் நிறையச் செய்தார். அமிலமே இல்லை. கூர்ஊசியால் செம்பை நேரே கீற வேண்டியதுதான். கீறும்போது கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும். அந்தப் பிசிறில் மை தங்குவதால் கோடு வெல்வெட்போல மென்மையாக அச்சாகும். உருளையில் ஓட ஓடப் பிசிறு நசுங்கிவிடும், அதனால் நல்ல அச்சுகள் சிலதான் கிடைக்கும். அக்காள் மகள் ஆனியை 1860இல் இப்படி வரைந்த படத்தை, தம் பெயர் நிற்க ஒரே ஒரு தகடு போதுமென்றால் இது போதும் என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள்.

அடுத்த திருப்பம் பணக் கஷ்டத்தால் வந்தது. 1877இல் ஜான் ரஸ்கின் என்ற பெரிய கலை விமர்சகர், வாணவேடிக்கையின் பொறிகள் இருட்டில் சிதறும் விஸ்லரின் ஓவியம் ஒன்றைக் கண்டு கொதித்து, பொதுமக்கள் முகத்தில் சாயத்தை வீசிவிட்டு இருநூறு கினி (அந்நாளைய பிரிட்டிஷ் பணம்) கேட்கிறார் என்று எழுதினார். விஸ்லர் மானநஷ்ட வழக்குப் போட்டார். இரண்டு நாள் வேலைக்கு இருநூறு கினியா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதற்கு, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்குக் கேட்கிறேன் என்று பதில் சொன்னார். 1878 நவம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நஷ்டஈடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. செலவுத்தொகை கிடைக்கவில்லை. 1879 மே மாதம் திவால். ஆசையாகக் கட்டிய வீடும் போனது.

அந்த நேரத்தில் லண்டனின் ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற கலைக்கூடம் முன்பணம் கொடுத்து, வெனிஸுக்குப் போய் மூன்று மாதத்தில் பன்னிரண்டு தகடுகளோடு திரும்புங்கள் என்று அனுப்பியது. செப்டம்பரில் போனவர் பதினான்கு மாதம் கழித்து 1880 நவம்பரில் திரும்பினார். கையில் சுமார் ஐம்பது தகடுகள், நூறு பேஸ்டல் (வண்ணக்கட்டி) படங்கள். அனுப்பியவர்கள் நடுவில் எத்தனை தடவை தலையில் கை வைத்திருப்பார்களோ.

வெனிஸ் என்பது ரஸ்கினின் ஊர். அந்நகரத்துக் கட்டடங்களைத் தூண் தூணாக அளந்து மூன்று பாகமாகப் புத்தகம் எழுதியவர் அவர். அவரோடு வழக்காடித் தெருவுக்கு வந்த மனிதர் அதே ஊருக்குப் போய், அந்தக் கட்டடங்களை எல்லாம் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் பின்பக்கக் கால்வாய்களில் நுழைகிறார். சந்து, முற்றம், பிச்சைக்காரர்கள் நிற்கும் இருண்ட நடை, துணி காயும் பால்கனி. இதில் வஞ்சம் இருந்ததா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எனக்கென்னவோ கொஞ்சம் இருந்தது என்றே தோன்றுகிறது.

‘வாசல்’ என்ற படம் நல்ல உதாரணம். ஒரு பழைய அரண்மனையின் கால்வாய்ப் பக்க நுழைவு. மேலே வேலைப்பாடு மிக்க கல், கம்பி வலை போட்ட ஜன்னல்கள். ஆனால் உள்ளே இருப்பது பிரபு குடும்பமில்லை, நாற்காலி செய்கிறவரின் பட்டறை. உத்தரத்திலிருந்து நாற்காலிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. படியில் ஒரு பெண் குனிந்து தண்ணீரில் துணி அலசுகிறாள். கல் வேலைப்பாட்டை மெல்லிய கோடுகளில் பொறுமையாக வரைந்திருக்கிறார். தண்ணீருக்குச் சில கோடுகள்தான். மீதி நிழல், ஈரம், உள் இருட்டு எல்லாம் தகட்டின் மேல் துடைக்காமல் விட்ட மை.

அமிலத்தையும் அவர் கையாண்ட விதம் தனி. அப்போது வெனிஸில் இருந்த ஓட்டோ பாக்கர் என்ற இளம் அமெரிக்க ஓவியர் பக்கத்திலிருந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார். மற்றவர்கள் தகட்டை அமிலத் தொட்டியில் மூழ்கவைப்பார்கள். விஸ்லர் தகட்டை மேசை ஓரத்தில் வைத்து அமிலத்தை மேலேயே ஊற்றி, ஓர் இறகால் இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டே இருப்பார். எந்தக் கோடு எவ்வளவு ஆழம் என்பதை இறகு தீர்மானித்தது. எப்போதும் கைகூடியது என்று சொல்ல முடியாது. ‘படகுத்துறை’ என்ற தகட்டை இப்படிக் கெடுத்துவிட்டார். விட மனமில்லாமல், கெட்டுப்போன தகட்டின் கோடுகளில் வெள்ளைச் சாயத்தை நிரப்பி, அந்த அச்சைக் கறுப்புப் பூச்சுப் போட்ட புதுத் தகட்டில் ஏற்றி, அந்த வெள்ளைத் தடத்தின் மேல் மறுபடி ஊசியை ஓட்டினார். இரண்டாவது தகடுதான் தொகுப்பில் சேர்ந்தது.

பாக்கரிடம் ஓர் அச்சு இயந்திரமும் இருந்தது. அவரும் கூட இருந்த இளம் ஓவியர்களும் தங்கியிருந்த வீட்டுக்கே விஸ்லரும் குடிபெயர்ந்தார். லண்டனில் அச்சடிக்க ஆள் வைத்துக்கொண்டவர் இப்போது தாமே மை தேய்த்தார், தாமே துடைத்தார். தெலாத்ரிடம் பார்த்த பாடம் இங்கே வேலைக்கு வந்தது.

‘இரவுக் காட்சி’ என்ற வெனிஸ் படத்தை எடுத்துக்கொள்வோம். தகட்டில் கோடு என்று பார்த்தால் மிகக் குறைவு: நடுவில் ஒரு பாய்மரக் கப்பல், அடிவானத்தில் தேவாலயக் கோபுரங்களின் நிழலுரு, ஓரிரு படகு, தண்ணீரில் சில செங்குத்துத் தீற்றல்கள். சுத்தமாகத் துடைத்து அச்சடித்தால் பாதி முடித்த படம்போல இருக்கும். விஸ்லர் மையைப் படலமாக விட்டு, துணியாலும் கையாலும் நீவி, வானத்தையும் நீரையும் அந்தப் படலத்திலேயே உண்டாக்கினார். ஒரு அச்சில் பொழுது சாய்ந்த வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. அடுத்ததில் நடுநிசி. இன்னொன்றில் கப்பலே மூடுபனியில் கரைந்துவிடுகிறது. தகடு ஒன்றுதான். அதில் இருப்பது பாதிப் படம். மறுபாதி ஒவ்வொரு தடவையும் துணியில் பிறக்கிறது, அது திரும்ப வராது.

நகலெடுப்பதற்கென்றே பிறந்த ஒரு தொழிலை நகலெடுக்க முடியாததாக மாற்றிவிட்டார். இதில் கலை இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க நான் முயல மாட்டேன். ஒவ்வொரு அச்சும் தனி என்றால் விலையும் தனி. பழைய காகிதத்தைத் தேடி அலைந்தார். பழைய கணக்குப் புத்தகங்களின் எழுதாத ஏடுகள், டச்சுக் காகிதம், ஜப்பானியக் காகிதம் எதையும் விடவில்லை. படத்தைச் சுற்றிய வெள்ளை ஓரத்தைத் தகட்டின் விளிம்போடு வெட்டிவிட்டு, அடியில் ஒரு சின்ன நாக்கு மட்டும் நீட்டிவைத்தார். அதில் தம் பட்டாம்பூச்சி முத்திரையும், தாமே அச்சடித்தேன் என்பதற்கான லத்தீன் சுருக்கமும் இருக்கும். அகலமான வெள்ளை ஓரத்துக்கு அதிகக் காசு கொடுத்துக்கொண்டிருந்த சேகரிப்பாளர்களுக்கு இது எரிச்சலூட்டியது.

இதன் விலையை ஃபைன் ஆர்ட் சொசைட்டியும் கொடுத்தது. பன்னிரண்டு படமும் நூறு பிரதி என்று ஒப்பந்தம். ஒவ்வொன்றையும் தாமே துடைத்து அச்சடிப்பேன் என்று நின்றவர் வருடக்கணக்கில் இழுத்தடித்தார்.

1880 டிசம்பரில் முதல் பன்னிரண்டும் காட்சிக்கு வந்தபோது பத்திரிகைகளுக்குப் பிடிக்கவில்லை. அரைகுறை வேலை என்றார்கள். எல்லாம் இடவலம் மாறியிருக்கிறதே என்றும் ஒரு குறை. வாஸ்தவம்தான். நேரே பார்த்ததைத் தகட்டில் அப்படியே வரைந்தால் அச்சில் திரும்பித்தான் விழும். விஸ்லர் அதைத் திருத்த மெனக்கெடவே இல்லை. ஊரின் அடையாளம் காட்டுவது தம் வேலை என்று அவர் நினைக்கவில்லை. வரைபட ஆபீசை விட்டு அவர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

அடுத்த வருடம் ஒரு கூத்து நடந்தது. ஹேடன் தலைமையில் புதிதாகத் தொடங்கிய எச்சிங் ஓவியர்கள் சங்கத்தின் கண்காட்சிக்கு, பிராங்க் டுவெனெக் என்ற அமெரிக்கர் வெனிஸ் எச்சிங்குகளை அனுப்பியிருந்தார். பாக்கரின் கூட்டத்தைச் சேர்ந்தவர். விஸ்லர்தான் புனைபெயரில் அனுப்பியிருக்கிறார் என்று ஹேடனுக்குச் சந்தேகம். ஃபைன் ஆர்ட் சொசைட்டிக்கே ஆட்களோடு போய் விசாரித்தார். டுவெனெக் என்று ஒருவர் நிஜமாகவே இருந்தார். சும்மா விடுவாரா விஸ்லர்? கடிதங்களை எல்லாம் சேர்த்துத் துண்டுப் பிரசுரமாகப் போட்டு மானத்தை வாங்கினார்.

1883இல் ஐம்பத்தோரு எச்சிங்குகளோடு மறுபடி அதே கூடத்தில் கண்காட்சி. சுவர் வெள்ளை, அலங்காரம் மஞ்சள், வாசலில் நின்ற பணியாளின் உடுப்பும் மஞ்சளும் வெள்ளையும். கையேட்டில் ஒவ்வொரு படத்தின் கீழும் விமர்சகர்கள் முன்பு திட்டி எழுதிய வரிகளையே அச்சிட்டிருந்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்க்க வேண்டும். இன்றைக்கு வசைப் பின்னூட்டத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறவர்களுக்கு அவர் மூதாதை.

தகட்டின் அளவைப் பற்றியும் அவருக்குப் பிடிவாதமான கொள்கை உண்டு. அமெரிக்காவின் ஹோபோகனிலிருந்து ஓர் எச்சிங் சங்கம், இரண்டடிக்கு மூன்றடிக்குக் குறையாத தகடுகளுக்குப் போட்டி வைத்து அவரை அழைத்தது. அவர் திருப்பி அனுப்பிய பதில் கொள்கை அறிக்கையாகவே ஆகிவிட்டது: ஊசிமுனை எவ்வளவு சின்னது, அதற்கேற்ற பரப்பும் சின்னதாகத்தான் இருக்க வேண்டும், பெரிய தகடு ஒரு குற்றம். 1886இல் வந்த இருபத்தாறு எச்சிங்குகளின் தொகுப்போடு இந்தக் கொள்கைகளும் வெளியாயின. அந்தத் தொகுப்பு ஒன்றை மறு வருடம் டெட்ராய்ட்டின் ரயில்பெட்டித் தொழிலதிபர் சார்ல்ஸ் லாங் ஃபிரீர் வாங்கினார். அவர் விஸ்லரிடம் கொண்ட பித்து அதில் தொடங்கியது, வாஷிங்டனில் ஓர் அருங்காட்சியகமாக முடிந்தது. செம்பியன் மாதேவி என்று பலரும் அடையாளம் காணும் சோழர் காலச் செப்புத்திருமேனி இருப்பதும் அதே இடத்தில்தான்.

1889இல் ஆம்ஸ்டர்டாமில் செய்த பத்துப் பன்னிரண்டு தகடுகளில் கோடு திரும்பி வருகிறது. கால்வாயோர வீடுகளின் செங்கல்லும் திரைச்சீலையும் சரிகை பின்னியதுபோல நெருக்கமாக இருக்கின்றன. மையும் அடர்த்தியாகப் படிந்திருக்கிறது. தேம்ஸ் காலத்து விவரமும் வெனிஸ் காலத்து மென்மையும் இங்கே சேர்ந்திருப்பதாக அவரே ஒரு பேட்டியில் விளக்கினார். அவரே சொல்வதால் மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு தடவை அவர் தற்பெருமையில் உண்மை இருக்கிறது.

1896இன் தொடக்கத்தில் மனைவி பீயட்ரிக்ஸுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. லண்டனில் சவாய் ஹோட்டலின் மேல்தளத்தில், ஆற்றைப் பார்த்த அறையில் தங்கினார்கள். அங்கே அவர் கையில் எடுத்தது எச்சிங் ஊசியை அல்ல, லித்தோகிராஃப் என்ற கல்லச்சு முறைக்கான வரைகட்டியையும் நீர்த்த மையையும். படுத்திருக்கும் மனைவியை வரைந்தார், ஜன்னலுக்குக் கீழே தெரிந்த தேம்ஸையும் வரைந்தார். முப்பத்தேழு வருடத்துக்கு முன் கரையில் உட்கார்ந்து ஜன்னல் ஜன்னலாக எண்ணி வரைந்த அதே ஆறு. இப்போது மேலிருந்து பார்க்கிறார். எதிர்க்கரைக் கட்டடங்கள் சாம்பல் கறையாக நிற்கின்றன. எங்கே தண்ணீர் முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. அந்த மே மாதம் பீயட்ரிக்ஸ் இறந்துபோனார்.